ஒரே அறையிலுள்ள கணினிகள் பணித்துண்டுகளைத் தமக்குள் பகிர்ந்துகொள்ள முடியுமா?

ஏரிக்கரை | சனி, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு அல்சூரில், ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி, எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்காகச் சிலர் சேர்ந்து ஒரு கணினி அறை நடத்துகிறோம். அதில் பதினொரு மேசைக் கணினிகள் உள்ளன. எட்டு, எஸ்.பி. ரோட்டில் பழையவையாக வாங்கியவை. நான்காம் தலைமுறை ஐ5 செயலியும் 8 ஜிபி நினைவகமும் கொண்டவை. மற்ற மூன்றும் சென்ற ஆண்டு நன்கொடையாக வந்தவை, நல்ல வேகம். மாலை வகுப்பு முடிந்த பிறகு, இரவு 9 மணி முதல் காலை 7 மணி வரை, இவற்றை பாயிங்க் மென்பொருள் வழியாக (அறிவியல் திட்டங்களின் பெரிய கணக்குகளைச் சிறு பணித்துண்டுகளாகத் தன்னார்வலர்களின் கணினிகளுக்குப் பிரித்துக் கொடுப்பது) ஈர்ப்பலைகளையும் துடிவிண்மீன்களையும் தேடும் ஐன்ஸ்டீன் அட் ஹோம் திட்டத்துக்கும், செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் எல்ஹெச்சி அட் ஹோம் திட்டத்துக்கும் ஓடவிடுகிறோம். பெரிய பிள்ளைகள் இருவர் இதில் மிகுந்த ஆர்வத்தோடு இருக்கிறார்கள்.

சிக்கல் இதுதான். இரவில் மின்சாரம் போனால் எங்கள் கட்டடத்தின் ஜெனரேட்டர் உடனே ஓடத் தொடங்கிவிடும். ஆனால் தெருமுனையில் உள்ள இணையப் பெட்டிக்கு அந்த வசதி இல்லை. ஆகவே கணினிகள் விழித்திருக்க, இணையம் நான்கைந்து மணி நேரம் உறங்கிவிடுகிறது. அப்படிப்பட்ட இரவுகளில் வேகமான மூன்று கணினிகளும் கையிலிருந்த பணிகளை முடித்துவிட்டுச் சும்மா நிற்கின்றன. அதே மேசை வரிசையில், பழைய கணினி ஒன்றில் முப்பது நாற்பது பணிகள் தொடப்படாமல் காத்திருக்கின்றன. இரண்டும் ஒரே சுவிட்சில்தான் இணைக்கப்பட்டுள்ளன. பழையதிலிருந்து பத்துப் பணிகளை எடுத்துப் புதியதற்குக் கொடுக்க வழி இருக்கிறதா? அல்லது எல்லாப் பணிகளையும் ஒரு கணினியில் பொதுவாகத் தேக்கி வைத்து, மற்றவை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி அமைக்கலாமா?

நிழல்நிரல் | சனி, இரவு 10.25

நேரடியான விடை: முடியாது. காரணம் தெரிந்தால் எது முடியும் என்பதும் தெரிந்துவிடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பாயிங்க் வழங்கும் ஒவ்வொரு பணியும் ஒரு குறிப்பிட்ட கணினியின் பெயரில் சர்வரில் எழுதப்படுகிறது. ரேஷன் கடையில் அட்டை எண்ணுக்கு எதிரே அரிசி எழுதப்படுவதைப் போல. பக்கத்து வீட்டு அட்டைக்கு எழுதியதை நீங்கள் போய் வாங்க முடியாது; இங்கேயும் அப்படித்தான். இதில் வெறும் அலுவலகப் பிடிவாதம் என்று எதுவும் இல்லை. உலகெங்கும் முகம் தெரியாதவர்களின் கணினிகள் அனுப்பும் விடைகளை அப்படியே நம்ப முடியாது என்பதால், பல திட்டங்கள் ஒரே பணித்துண்டை இரண்டு கணினிகளுக்கு அனுப்பி, இரண்டு விடைகளும் ஒத்துப்போனால் மட்டுமே ஏற்றுக்கொள்கின்றன. அந்த இரண்டு பிரதிகளும் ஒரே ஆளின் கையில் சேராதபடி சர்வர் பார்த்துக்கொள்ள முடிவதற்கு, எது எந்தக் கணினியில் இருக்கிறது என்பது அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். பழுதான நினைவகம் உள்ள ஒரு கணினியே இரண்டு பிரதிகளையும் கணக்கிட்டால், இரண்டு தவறான விடைகள் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு.

இன்னொரு காரணமும் இருக்கிறது. தசமக் கணக்குகளில் கடைசி இலக்கங்கள் செயலிக்குச் செயலி, இயங்குதளத்துக்கு இயங்குதளம் சிறிது மாறும். பெரும்பாலான திட்டங்கள் ஓரளவு வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்கின்றன. ஆனால் சிறு வேறுபாடும் பெருகிப் பெருகி வேறொரு விடையாகிவிடும் கணக்குகளைக் கொண்ட சில திட்டங்கள், ஒரே வகைச் செயலியும் ஒரே இயங்குதளமும் கொண்ட கணினிகளுக்கு மட்டுமே ஒரு துண்டின் பிரதிகளை அனுப்புகின்றன. நடுவில் நீங்கள் பணியை இடம் மாற்றினால் அந்த ஏற்பாடு முழுவதும் குலைந்துவிடும்.

பழைய மோடம் | சனி, இரவு 11.10

நிழல்நிரல் சொல்வது பாயிங்க்குக்குப் பொருந்தும். ஆனால் "முடியாது" என்பதைத் தன்னார்வக் கணிப்பு முழுவதற்கும் விதியாக்க வேண்டாம். நாங்கள் செய்துகொண்டுதான் இருந்தோம்.

மறைகுறியீட்டுச் சாவிகளைப் பலருடைய கணினிகளில் தேடிய டிஸ்டிரிபியூட்டட் டாட் நெட் 1997-இல் தொடங்கிய சிறிது காலத்திலேயே "பெர்சனல் பிராக்ஸி" என்ற சிறு நிரலைக் கொடுத்தார்கள். அலுவலகத்தில் ஒரு கணினியில் அதை நிறுவினால், அது வெளியிலிருந்து சாவித்தொகுதிகளை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டு, உள்ளே உள்ள கணினிகளுக்குச் சில்லறையாகக் கொடுக்கும். முடிந்தவற்றைத் திரட்டி மொத்தமாக வெளியே அனுப்பும். தொலைபேசி இணைப்புக்கு நிமிடக் கணக்கில் பணம் கட்டிய அந்தக் காலத்தில், நாளைக்கு ஒரு முறை பத்து நிமிடம் இணைந்தால் போதும் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இன்றைய ஃபைபர் தலைமுறை உணராது. ஆர்சி5-64 என்ற மறைகுறியீட்டின் சாவியைக் கண்டுபிடிக்கும் போட்டிக்கு நானும் அப்படித்தான் உழைத்தேன். 1757 நாட்கள் நடந்த தேடல் அது. வேடிக்கை என்னவென்றால், சரியான சாவி டோக்கியோவில் இருந்த ஒரு சாதாரணப் பென்டியம் 3 கணினியிலிருந்து 2002 ஜூலை 14 அன்றே வந்து சேர்ந்துவிட்டது. சர்வரில் ஒரு சிறு நிரல் பழுதாகிக் கிடந்ததால் ஆகஸ்ட் 12 வரை அதை யாருமே கவனிக்கவில்லை. வீட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஊரெல்லாம் தேடிய கதைதான்.

வேற்றுலக அறிவுயிர்களின் வானொலிக் குறிகளைத் தேடி 1999 மே மாதம் வந்த செட்டி அட் ஹோம் திட்டத்தின் முதல் கிளையன்ட் (நம் கணினியில் ஓடும் நிரல்), ஒரு நேரத்தில் ஒரே ஒரு பணித்துண்டைத்தான் வைத்துக்கொள்ளும். அரெசிபோ தொலைநோக்கியின் 107 விநாடிப் பதிவு, ஏறத்தாழ 340 கேபி. அது முடிந்ததும் இணையம் இல்லையென்றால் கணினி சும்மா நிற்க வேண்டியதுதான். அந்தக் குறையை நிரப்பவே செட்டிக்யூ போன்ற இடைத்தேக்க நிரல்களைத் தன்னார்வலர்களே எழுதினார்கள். ஏரிக்கரை கேட்பது அதைத்தான். அவர் கேட்டது ஒன்றும் அதிசயமான கேள்வியல்ல.

நிழல்நிரல் | சனி, இரவு 11.32

மறுக்கவில்லை, ஐயா. ஆனால் உங்கள் இரண்டு எடுத்துக்காட்டுகளிலும் பணி எப்படிப்பட்டது என்று பாருங்கள். ஆர்சி5 தேடலில் ஒரு தொகுதி என்பது "இந்த எண்ணிலிருந்து அந்த எண் வரை தேடு" என்ற ஒரு வரி. கூடவே எடுத்துச் செல்ல உள்ளீட்டுக் கோப்பு என்று எதுவும் இல்லை. யார் தேடினாலும் ஒன்றுதான். செட்டியின் முதல் காலத்திலோ, பொய்யான விடைகளை அனுப்பி, அதிகம் கணக்கிட்டவர்களின் பட்டியலில் மேலே ஏறியவர்கள் இருந்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும். பணியைக் கணினியோடு கட்டும் பாயிங்க்கின் அமைப்பில் அந்த அனுபவத்துக்கும் பங்குண்டு. பழைய செட்டியை 2005 டிசம்பரில் மூடி, எல்லோரையும் பாயிங்க்குக்கு மாற்றிய பிறகு இடைத்தேக்க நிரல்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஏனென்றால் கையிருப்பு வைக்கும் வசதி கிளையன்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

மடிப்பு | ஞாயிறு, காலை 7.05

நான் ஃபோல்டிங் அட் ஹோம் பக்கத்து ஆள் என்பதால் எதிர்த் திசையிலிருந்து ஒன்று சொல்ல விரும்புகிறேன். எங்கள் திட்டத்தில் கையிருப்பு என்ற பேச்சே கிடையாது. ஒன்று முடியும் தறுவாயில்தான் அடுத்தது இறங்கும். ஒரு புரதத்தின் அசைவைக் கணக்கிடும்போது, முதல் துண்டின் முடிவு நிலைதான் இரண்டாவது துண்டின் தொடக்க நிலை. முதலாவது திரும்பி வராமல் இரண்டாவதை உருவாக்கவே முடியாது. ஒருவர் பத்துத் துண்டுகளை வாங்கி மூன்று நாள் அடுக்கி வைத்தால், பத்துச் சங்கிலிகள் மூன்று நாள் அப்படியே நின்றுவிடும். அதனால்தான் விரைவாகத் திருப்பித் தருபவருக்குக் கூடுதல் புள்ளி தரும் முறையை வைத்திருக்கிறார்கள்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக உலகமே வந்து சேர்ந்தபோது, இந்தத் திட்டத்தின் மொத்த வேகம் எக்ஸாஃப்ளாப் அளவை (விநாடிக்குப் பத்தாயிரம் கோடி கோடி கணக்குகள்) தாண்டியது. அதே வாரங்களில் கொடுக்கப் பணித்துண்டுகள் இல்லாமல் எங்கள் கணினிகள் மணிக்கணக்கில் காத்திருந்தன. அப்போதுகூட "அடுக்கி வைக்க அனுமதித்திருந்தால்" என்று கேட்டவர்களைப் பார்த்தேன். அனுமதித்திருந்தால் சிலருடைய அடுக்கு நிறைந்திருக்கும், பலருடைய கணினி இன்னும் நீண்ட நேரம் வெறுமையாக இருந்திருக்கும். ஆகவே தேவைக்கு மேல் தேக்குவது மற்றவர்களிடமிருந்து எடுத்து வைத்துக்கொள்வதே என்பது என் கருத்து.

பழைய மோடம் | ஞாயிறு, காலை 9.20

மடிப்பு அவர்களே, உங்கள் சங்கிலி நியாயம் உங்கள் திட்டத்தோடு நிற்கட்டும். செட்டியில் ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை; வானத்தின் ஒரு பதிவை இன்று பார்த்தாலும் பத்து நாள் கழித்துப் பார்த்தாலும் அது அதுவேதான். மேலும் அங்கே செவ்வாய்க்கிழமைதோறும் பராமரிப்புக்காகச் சர்வரை நிறுத்துவார்கள். அது திரும்பி வந்ததும் உலகமே ஒரே வாசலில் முட்டி மோதும். கையில் இரண்டு நாள் சரக்கு வைத்திருந்தவன் அந்தக் கூட்டத்தில் சேராமல் ஒதுங்கி நின்றான். அவன் செய்தது பதுக்கல் அல்ல, சர்வருக்கு உதவி. 2020 மார்ச் 31 அன்று அவர்கள் புதிய பணி அனுப்புவதை நிறுத்தும் வரை நான் இரண்டு நாள் கையிருப்பு வைத்திருந்தேன். ஒரு துண்டுகூடக் கெடு தவறியதில்லை.

மடிப்பு | ஞாயிறு, காலை 9.48

ஒப்புக்கொள்கிறேன், துண்டுகளுக்குள் தொடர்பு இல்லாத திட்டங்களில் என் வாதம் அவ்வளவு வலுவாக இல்லை. ஆனால் அங்கேயும், அதே துண்டின் மறு பிரதியைக் கணக்கிடும் ஜோடிக் கணினி என்று ஒன்று இருக்கிறது அல்லவா? அது முடித்துக் கொடுத்த விடை, உங்கள் விடை வரும்வரை சர்வரின் தரவுத்தளத்தில் சரிபார்க்கப்படாமல் கிடக்கும். பத்தாயிரம் பேர் ஒவ்வொருவரும் இரண்டு நாள் கூடுதலாகக் கிடத்தினால் அந்தத் தரவுத்தளம் எப்படி வீங்கும் என்பதை செட்டி பார்த்ததே! கணினிக்கு இத்தனைப் பணிகளுக்கு மேல் கிடையாது என்று கடைசி ஆண்டுகளில் அவர்களே உச்சவரம்பு வைத்தார்கள்.

எஸ்.பி. ரோடு | ஞாயிறு, பிற்பகல் 1.15

ஏரிக்கரை, நீங்கள் கேட்ட பகிர்வு பணிகளில் முடியாது. ஆனால் கோப்புகளில் தாராளமாக முடியும், முடிய வேண்டும் என்றே சொல்வேன். இங்கே பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

பணி என்பது சர்வர் எழுதிக் கொடுக்கும் ஒரு சீட்டு. அந்தச் சீட்டைச் செய்து முடிக்கத் தேவையான நிரல், தரவு ஆகியவை தனித்தனிக் கோப்புகளாக இறங்குகின்றன. பாயிங்க்கில் ஒரு கோப்புப் பெயருக்கு ஒரே உள்ளடக்கம்தான். வெளியிட்ட பிறகு அதை மாற்றக் கூடாது என்பது விதி. இறங்கிய நிரல் திட்டத்தின் கையொப்பத்தோடு பொருந்துகிறதா என்பதைக் கிளையன்ட் சரிபார்க்கிறது. ஆகவே நடுவில் ஒரு ஸ்க்விட் பிராக்ஸியை (இறங்கும் கோப்புகளைத் தேக்கி வைத்துக் கொடுக்கும் இடைநிரல்) வைத்து, முதல் கணினி இறக்கிய கோப்பை மற்றப் பத்துக்கும் அதிலிருந்தே கொடுத்தால் எந்தத் தீங்கும் இல்லை. பாயிங்க்கின் பிராக்ஸி அமைப்பில் அந்தக் கணினியின் முகவரியையும் போர்ட் எண்ணையும் கொடுத்தால் போதும்.

உங்கள் இரண்டு திட்டங்களில் இதனால் பெரிதும் பயன் பெறுவது எல்ஹெச்சி அட் ஹோம். அதில் அட்லஸ் என்ற துகள் ஆய்வுக்கான பணிகள் போன்றவை மெய்நிகர் கணினிக்குள் (கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கிய இன்னொரு கணினி) ஓடுகின்றன. அவற்றுக்கு வேண்டிய ஆய்வு மென்பொருளை முழுதாக இறக்கிவிடாமல், சிவிஎம்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையின் வழியாகத் தேவைப்படும் துண்டுகளை மட்டும் அவ்வப்போது சாதாரண ஹெச்டிடிபி வழியில் இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு துண்டின் பெயரும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படுவதாலும், பட்டியலில் கையொப்பம் இருப்பதாலும், வழியில் யாரும் மாற்றி வைத்தால் தெரிந்துவிடும். பல கணினிகள் வைத்திருப்பவர்கள் உள்ளூர் ஸ்க்விட் வைத்துக்கொள்ளுங்கள் என்று அந்தத் திட்டமே சொல்கிறது. பதினொரு கணினிகளும் ஒரே மென்பொருளைத்தான் படிக்கின்றன. அதைப் பதினொரு முறை வெளியிலிருந்து இழுத்து வருவதில் அர்த்தமே இல்லை. அட்லஸ் பணிக்கு நினைவகம் நிறைய வேண்டும் என்பதால், 8 ஜிபி கணினிகளில் ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மேல் ஓடவிடாதீர்கள்.

ஐன்ஸ்டீனில் பயன் குறைவு. ஈர்ப்பலைத் தேடலுக்கான தரவுக் கோப்புகள் பெரியவை என்பதால், ஒரு கணினியில் ஏற்கெனவே எந்தக் கோப்புகள் இருக்கின்றனவோ அவற்றுக்குப் பொருந்தும் பணிகளையே அதற்குத் தொடர்ந்து கொடுக்கும்படி அவர்களுடைய சர்வர் முயல்கிறது. கோப்பை வேலையிடம் அனுப்புவதைவிட வேலையைக் கோப்பு இருக்கும் இடத்துக்கு அனுப்புவது மலிவு என்ற கணக்கு அது; எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. ஆனால் உங்கள் பதினொரு கணினிகளுக்கும் வெவ்வேறு கோப்புகள் போகக்கூடும் என்பதால், நடுவில் உள்ள ஸ்க்விட்டுக்கு அங்கே பெரிதாக மிச்சம் பிடிக்க முடியாது. பொதுவான நிரல்கோப்புகளோடு சரி.

இரண்டு எச்சரிக்கைகள். ஹெச்டிடிபிஎஸ் வழியாக வரும் கோப்பு ஸ்க்விட்டுக்குப் பூட்டிய பெட்டி. அது கடந்து போகும், தேங்காது. மற்றொன்று, ஸ்க்விட் தானாகத் தேக்கிவைக்கும் கோப்பின் உச்ச அளவு 4 எம்பிதான். அதை உயர்த்தாமல் விட்டுவிட்டு "ஸ்க்விட் வேலை செய்யவில்லை" என்று என்னிடம் வந்தவர்கள் குறைந்தது நான்கு பேர்.

ஏரிக்கரை | ஞாயிறு, இரவு 8.50

அனைவருக்கும் நன்றி. எஸ்.பி. ரோடு சொன்ன ஸ்க்விட்டை நாளை ஒரு பழைய கணினியில் நிறுவப் போகிறோம். ஆனால் என் முதல் சிக்கல் அப்படியே இருக்கிறது. வேகமான மூன்றும் இன்று இரவும் சும்மா நிற்கப் போகின்றன. பிள்ளைகளில் ஒருவன் ஒரு யோசனை சொல்கிறான்: பழைய கணினியின் பாயிங்க் தரவு அடைவை முழுதாக நகலெடுத்துப் புதியதில் வைத்தால், அது பழைய கணினியாகவே சர்வருக்குத் தெரியும் அல்லவா?

நிழல்நிரல் | ஞாயிறு, இரவு 9.30

பையன் கெட்டிக்காரன், ஆனால் தயவுசெய்து செய்ய வேண்டாம். கிளையன்ட் சர்வரோடு ஒவ்வொரு முறை பேசும்போதும் ஒரு வரிசை எண் கூடிக்கொண்டே போகும். ஒரே அடையாளத்தோடு இரண்டு கணினிகள் பேசத் தொடங்கினால், அவற்றில் ஒன்று பழைய வரிசை எண்ணோடு வந்து நிற்கும். அப்போது சர்வர் இது நகல் என்பதை உணர்ந்து, அதற்குப் புதிய கணினி எண் கொடுத்துவிடும். பழைய எண்ணின் பெயரில் நகலில் இருக்கும் பணிகளுக்கு அதன் பிறகு நிம்மதி இல்லை. நாற்பது பணிகளைக் காப்பாற்றப் போய் எண்பதைக் குழப்பிக்கொள்வீர்கள்.

எனக்கு வேறொரு சந்தேகம் இருக்கிறது. கையிருப்பு என்பது நாள் கணக்கில் சொல்லப்படுவது. வேகமான கணினிக்கு அதே ஒரு நாளுக்கு அதிகப் பணிகள் வர வேண்டும். அப்படியிருக்க, பழையவை நிறைந்தும் புதியவை வெறுமையாகவும் இருப்பது ஏன்? பதினொன்றிலும் அமைப்பு ஒன்றேதானா? திட்டத்தின் இணையதளத்தில் நீங்கள் வைத்த விருப்பங்கள் எல்லாக் கணினிகளுக்கும் போய்ச் சேரும். ஆனால் எந்தக் கணினியிலாவது பாயிங்க் மேலாளர் சாளரத்தில் நேரடியாக ஒரு முறை எதையாவது மாற்றியிருந்தால், அங்கே தனிக் கோப்பு ஒன்று உருவாகி, இணையதளத்தில் நீங்கள் சொல்வதை அந்தக் கணினி அதன் பிறகு காதில் வாங்காது.

கணக்கன் | ஞாயிறு, இரவு 10.02

இடையில் ஒரு குறிப்பு. கணினிக்கு 70 வாட் என்று வைத்தால்கூடப் பதினொன்றுக்கு 770 வாட். பத்து மணி நேரத்துக்கு 7.7 யூனிட், மாதத்துக்கு 231 யூனிட். வீட்டு இணைப்பாக இருந்தால், கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதியின் 200 யூனிட் வரம்பை இது ஒன்றே தாண்டிவிடும். அதிலும் ஜெனரேட்டர் ஓடும் மணிகளில் டீசலை எரித்துத் துடிவிண்மீன் தேடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வேகமான மூன்றை மட்டும் ஓட்டிவிட்டுப் பழைய எட்டுக்கு ஓய்வு கொடுத்தால் என்ன?

ஏரிக்கரை | திங்கள், இரவு 9.15

நிழல்நிரல் கை வைத்த இடத்தில்தான் முள் இருந்தது. புதிய மூன்றும் வந்த அன்று, ஓட்டிப் பார்ப்பதற்காக அவற்றின் மேலாளர் சாளரத்திலேயே கையிருப்பை 0.1 நாள் என்று வைத்திருக்கிறோம். வைத்தது நான்தான், மறந்துபோனதும் நான்தான். இணையதளத்தில் மூன்று நாள் என்று இருக்கிறது. பழைய எட்டும் அதைக் கேட்டு நடந்துகொண்டிருந்தன. இரவில் பத்து மணி நேரமே ஓடும் பழைய கணினிகளுக்கு மூன்று நாள் என்பது அதிகம் என்று இப்போது தோன்றுகிறது. சென்ற மாதம் கெடு நெருங்கியதால் சில பணிகள் மற்றவற்றை ஒதுக்கிவிட்டு அவசர வரிசையில் ஓடியதன் காரணமும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மூன்றிலும் அந்தத் தனி அமைப்பை நீக்கிவிட்டோம். எல்லாவற்றுக்கும் பொதுவாகக் குறைந்தபட்சம் அரை நாள், கூடுதலாகக் கால் நாள் என்று வைத்திருக்கிறோம். இணையம் திரும்பி வர ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆனதில்லை என்பதால் இது தாராளம். மடிப்பு அவர்கள் இதைக்கூட அதிகம் என்பார் என்று தெரியும்.

கணக்கன் சொன்னதை அறையில் இருந்த மற்றவர்களிடமும் பேசினேன். ஜெனரேட்டருக்கு மாறியதும் பழைய எட்டையும் நிறுத்திவிடுவது என்று முடிவாகியிருக்கிறது. அதை ஆளில்லாமல் எப்படிச் செய்வது என்பதுதான் இப்போது பிள்ளைகளின் ஆராய்ச்சி. தெருப்பெட்டி அணைந்தால் இணையம் போய்விடும் என்பதால், இணையம் இல்லாததையே மின்வெட்டுக்கு அடையாளமாகக் கொண்டு, பாயிங்க்கின் கட்டளை நிரலை வைத்து நிறுத்தலாம் என்கிறார்கள்.

எஸ்.பி. ரோடு | திங்கள், இரவு 9.40

நல்ல யோசனை. ஆனால் நிறுத்தும்போது கவனியுங்கள்: சாதாரணப் பணிகள் கடைசியாகச் சேமித்த நிலையிலிருந்து தொடரும், அட்லஸ் பணியை அடிக்கடி நிறுத்தித் தொடங்கினால் முழுதாக வீணாகும் வாய்ப்பு உண்டு. பழைய எட்டில் ஐன்ஸ்டீனை மட்டும் வைத்து, எல்ஹெச்சியைப் புதிய மூன்றுக்கு மாற்றுங்கள். ஸ்க்விட் ஓடுகிறதா?

ஏரிக்கரை | திங்கள், இரவு 10.20

ஓடுகிறது, ஆனால் பதிவேட்டில் பெரிய கோப்புகள் எதுவும் தேங்கியதாகத் தெரியவில்லை. உச்ச அளவை 2 ஜிபி என்று உயர்த்தித்தான் வைத்திருக்கிறோம்.

எஸ்.பி. ரோடு | திங்கள், இரவு 10.26

அந்த வரி, தேக்க அடைவைக் குறிக்கும் வரிக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? கீழே இருந்தால் அந்த அடைவுக்கு அது செல்லாது. மேலே கொண்டுபோய் வைத்து ஸ்க்விட்டை மறுபடி தொடங்குங்கள்.

ஏரிக்கரை | திங்கள், இரவு 10.41

கீழேதான் இருந்தது. இப்போது மாற்றிவிட்டோம், இரண்டாவது கணினி அட்லஸின் மெய்நிகர் வட்டுக் கோப்பை உள்ளூரிலிருந்தே எடுத்துக்கொண்டிருக்கிறது, பையன்கள் பதிவேட்டின் முன்னால் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.